பின்பால் பாட்காஸ்ட்டும் நான் வெட்டிய 22 நொடியும்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஈரோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், அப்புறம் சிகாகோ வந்துடலாம்.

ஈரோட்டுல எங்க சித்தப்பா வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. விண்டோஸ் எக்ஸ்பி. இன்டர்நெட் கிடையாது. முழுப் பரீட்சை லீவுக்குப் போனா ஆறு பிள்ளைங்க ஒரே நாற்காலிக்கு வரிசைல நிப்போம். எதுக்கு? ஸ்பேஸ் கேடட்னு ஒரு பின்பால் கேம். இசட் பட்டன் அமுக்கினா இடது பக்கக் கை, ஸ்லாஷ் அமுக்கினா வலது பக்கக் கை, ஸ்பேஸ் பாரைப் பிடிச்சு விட்டா பந்து மேல போகும். இதைக் கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு விரல் தானா அசைஞ்சிருக்கும், எனக்குத் தெரியும்.

நான் ரொம்ப வருஷம் பின்பால்னா கம்ப்யூட்டர் விளையாட்டுன்னே நினைச்சுட்டு இருந்தேன், சாலிட்டேர் மாதிரி. நிஜத்துல அப்படி ஒரு மெஷின் இருக்கும், அதைக் கையால தொடலாம்னு தோணினதே இல்ல. 2016-ல் வேலைக்காக சிகாகோ வந்தேன். முதல் குளிர்காலம். நாலரை மணிக்கே இருட்டிடும். ஆபீஸ், வீடு, ஆபீஸ். கூட வேலை பார்த்த ஒருத்தன் ஒரு நாள், "வா, சாப்பிட்டுட்டுப் போலாம்"னு ஒரு பாருக்குக் கூட்டிட்டுப் போனான். பின்பக்கச் சுவர் ஓரமா பன்னிரண்டு மெஷின். விளக்கு, சத்தம், கண்ணாடிக்குக் கீழே நிஜமான இரும்புக் குண்டு.

காசு போட்டேன். பட்டனை அமுக்கினேன். கையில ஒரு உதை வந்துச்சு பாருங்க, அதை நான் எதிர்பார்க்கவே இல்ல. ஒவ்வொரு ஃப்ளிப்பருக்கும் அடியில ஒரு காயில் இருக்கு. நீங்க அமுக்கினதும் அது காந்தமாகி உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்குது. அந்த அடி மரப்பெட்டி வழியா உங்க உள்ளங்கைக்கு வரும். பந்து 80 கிராம் எடை. பலகை சுமார் ஆறரை டிகிரி சாய்வு. இவ்வளவுதான் விஷயம். சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டர் இத்தனை நாளா என்கிட்ட எதை மறைச்சு வச்சிருந்ததுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அந்த பார்ல செவ்வாய்க்கிழமை தோறும் லீக். முப்பது பேர் வருவாங்க. நாலு நாலு பேரா பிரிச்சு விடுவாங்க, ஒவ்வொரு குரூப்பும் நாலு மெஷின்ல ஆடணும், முதல் இடத்துக்கு இத்தனை, கடைசி இடத்துக்கு இத்தனைன்னு புள்ளி. பஸ் டிரைவர், பல் டாக்டர், ரிட்டயர்டு வாத்தியார், காலேஜ் பையன் எல்லாரும் ஒரே வரிசை. முதல் மாசம் முழுக்க, "யார்கூட வந்திருக்கீங்க?"னு என்னைக் கேட்டாங்க. யாரோட கேர்ள்ஃப்ரெண்டுன்னு அர்த்தம். "நான் ஆட வந்திருக்கேன்"னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. இந்தக் கேள்வி எல்லா ஊர்லயும் இருந்திருக்கும் போல, அதனாலதான் அமெரிக்காவுல பல நகரங்கள்ல பெண்களுக்குன்னு தனி பின்பால் லீக்கே நடக்குது. நான் ரெண்டுலயும் ஆடறேன். அது தனி எபிசோட், இப்போ வேண்டாம்.

பாட்காஸ்ட் 2018-ல் ஆரம்பிச்சோம். நானும் அதே லீக்ல ஆடற ஒரு நண்பனும். அவன் பேர் வேண்டாம், கோ-ஹோஸ்ட்னே சொல்றேன். பின்பாலுக்கு அப்பவே நிறைய பாட்காஸ்ட் இருந்துச்சு. பெரும்பாலும் அடுத்து எந்த கம்பெனி எந்தப் படத்தை வச்சு மெஷின் கொண்டுவரப் போகுது, விலை எவ்வளவு, அதுல என்ன குறைன்னு பேசறவங்க. புது மெஷின் ஒண்ணு 7,000 டாலர் பக்கம் வரும். அதை வாங்கறவங்களுக்கு அந்தப் பேச்சு தேவைதான். எங்களால வாங்க முடியாது. அதனால ஆடறவங்களைப் பத்தி மட்டும் பேசுவோம்னு முடிவு பண்ணினோம். பெரிய கொள்கை எல்லாம் இல்ல, பர்ஸோட முடிவு.

முதல் எபிசோடை லீக் நடக்கிற பார்லயே ரெக்கார்ட் பண்ணினோம். போட்டுக் கேட்டா, பக்கத்து மெஷின் கத்தறது மட்டும்தான் இருந்துச்சு. எங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வந்தது. அப்புறம் சட்டைல குத்தற மைக் வாங்கினோம், என் வீட்டு துணி அலமாரிக்குள்ள உட்கார்ந்து பேசினோம். தொங்கற துணி எதிரொலியை உறிஞ்சிடும், செலவே இல்லாத ஸ்டூடியோ. எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி, அது இலவசம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் எடிட்டிங்ல போயிடும். ஒவ்வொரு "அம்ம்", ஒவ்வொரு "யூ நோ", ஒவ்வொரு மூச்சும் எனக்கு அலைவடிவத்துல பார்த்தாலே தெரியும். நான் நல்லா எடிட் பண்ணுவேன். அதுல எனக்கு ஒரு கர்வம் இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

கேட்கறவங்க எத்தனை பேர்? ஆரம்பத்துல ஒரு எபிசோடுக்கு அறுபது. அதுல பாதி எங்க லீக்தான். ரெண்டு வருஷத்துல இருநூறு தாண்டினோம். இந்த எண்ணிக்கையைக் கேட்டு நீங்க சிரிக்கலாம். ஆனா பத்தாயிரம் பேர் கேட்கற பாட்காஸ்ட்ல இல்லாத ஒரு சிக்கல் இதுல இருக்கு. நீங்க யாரைப் பத்திப் பேசறீங்களோ அவங்கதான் கேட்கறாங்க. வியாழக்கிழமை எபிசோட் போடறோம், அடுத்த செவ்வாய்க்கிழமை அதே ஆள் என் பக்கத்து மெஷின்ல நிப்பார். ஒரு தடவை என் கோ-ஹோஸ்ட் ஒருத்தரை விளையாட்டா, "டில்ட் மாஸ்டர்"னு சொல்லிட்டான். டில்ட்னா, மெஷினுக்குள்ள ஒரு இரும்பு வளையத்துக்கு நடுவுல கொத்தனார் வச்சிருக்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒண்ணு தொங்கும். மெஷினை ரொம்ப ஆட்டினா அது வளையத்துல படும், ஃப்ளிப்பர் எல்லாம் செத்துடும், அந்தப் பந்து போச்சு. அளவா ஆட்டறது திறமை, அளவு மீறினா டில்ட். அந்த மனுஷர் மூணு வாரம் எங்களோட பேசல. முப்பது பேர் இருக்கிற இடத்துல மூணு வாரம் ஒருத்தர் பேசாம இருந்தா அந்த ரூமே பேசாம இருக்கிற மாதிரி இருக்கும்.

நடுவுல கொஞ்சம் வரலாறு சொல்லணும், ஏன்னா அடுத்து வரப்போற ஆளுக்கு அது வேணும்.

பின்பால் மெஷின் செய்யற ஊர் சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ்னு பெரிய கம்பெனிகள் எல்லாமே இங்கதான். 1930-களில் வந்த மெஷின்கள்ல ஃப்ளிப்பர் கிடையாது. இழுத்து விடுவீங்க, பந்து ஆணிகள்ல தட்டித் தட்டி எங்கயோ போய் விழும். நீங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கலாம், அவ்வளவுதான். அதை வச்சுப் பணம் கட்டி ஆடினாங்க, அதனால சூதாட்டம்னு பேர் வந்துச்சு. 1942-ல் நியூயார்க்கில் தடை. மேயர் லகார்டியா சம்மட்டியால மெஷின்களை உடைக்கிற போட்டோக்கள் இன்னிக்கும் இருக்கு. 1947-ல் காட்லீப்பின் ஹம்ப்டி டம்ப்டி மெஷின்ல ஆறு ஃப்ளிப்பர் வந்துச்சு, ஆடறவர் கையில ஆட்டம் வந்துச்சு, ஆனாலும் தடை போகல. 1976-ல் ரோஜர் ஷார்ப்னு ஒரு பத்திரிகையாளர் நியூயார்க் நகர சபை முன்னாடி ஆடிக் காட்டினார். கொண்டு வந்த முதல் மெஷின்ல ஏதோ ஏமாத்து வேலை இருக்குமோன்னு சந்தேகப்பட்டு, மாற்றுக்கு வச்சிருந்த இன்னொண்ணுல ஆடச் சொன்னாங்க. அவர், "பந்து நடுப்பாதை வழியா போகும்"னு முதல்லயே சொல்லிட்டு பிளஞ்சரை இழுத்து விட்டார். போச்சு. தடையும் போச்சு. அதுல அதிர்ஷ்டமும் கலந்திருந்துச்சுன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். இன்னிக்கு உலகம் முழுக்க பின்பால் ஆடறவங்களுக்கு ரேங்க் போடற சங்கத்தை நடத்தறது அவரோட ரெண்டு பசங்கதான்.

அதுக்கப்புறம் ஏறி, இறங்கி, 1992-ல் ஆடம்ஸ் ஃபேமிலி மெஷின் 20,000-க்கு மேல வித்து, ஏழே வருஷத்துல, 1999-ல், வில்லியம்ஸ் பின்பாலையே நிறுத்திட்டாங்க. கொஞ்ச காலத்துக்கு ஸ்டெர்ன்னு ஒரே ஒரு கம்பெனிதான் தொடர்ந்து செஞ்சுட்டு இருந்துச்சு. இப்போ மறுபடி நாலஞ்சு கம்பெனி இருக்கு.

இந்த வரலாறு முழுக்க மெஷினை நிறுத்தாம ஓட வச்சவங்க யாருன்னா, ரூட் மெக்கானிக்குகள். மெஷின் பார் ஓனரோடது இல்ல, ஒரு ஆபரேட்டரோடது. வர்ற சில்லறையை ஆபரேட்டரும் பார் ஓனரும் பங்கு பிரிச்சுப்பாங்க. ஆபரேட்டர்கிட்ட வேலை பார்க்கிற மெக்கானிக் வேன்ல சுத்திச் சுத்திப் போய், பெட்டியில இருக்கிற காசை எடுத்து, அறுந்த ரப்பரை மாத்தி, தேஞ்ச கான்டாக்ட்டை மெல்லிசு அரத்தால தேய்ச்சு சரி பண்ணிட்டுப் போவார். எங்க லீக்ல அப்படி ஒருத்தர் இருந்தார். எழுபது வயசு தாண்டினவர். 1970-கள்ல இருந்து சிகாகோ முழுக்க வேன் ஓட்டினவர். அவரையும் பேர் சொல்லாம மெக்கானிக்னே சொல்றேன்.

2020-ல் அவருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை கொஞ்சம் போச்சு. பேச்சு அதைவிட அதிகமா போச்சு. புத்தி அப்படியே இருக்கு, சொல்ல வேண்டியது எல்லாம் உள்ள இருக்கு, சொல்தான் வராது. வரும், ஆனா நேரமாகும். லீக் மறுபடி தொடங்கினப்போ திரும்ப வந்தார். வலது ஃப்ளிப்பர் அரை நொடி லேட்டாதான் எழும்பும். முன்னாடி முதல் அஞ்சு இடத்துல இருந்தவர், இப்போ கடைசில. சிரிச்சுக்கிட்டே ஆடுவார். எல்லாருக்கும் அவர்மேல ரொம்பப் பிரியம். பிரியத்துல எல்லாரும் என்ன பண்ணுவோம்னா, அவர் ஒரு வார்த்தைக்குத் தவிக்கிறப்போ நாங்களே அதை எடுத்துக் கொடுத்துடுவோம். "ரப்பரா? ஸ்விட்சா? பல்பா?" அவர் தலையாட்டுவார்.

2022-ல் அவரைப் பேட்டி எடுக்கணும்னு கேட்டேன். உடனே சரின்னுட்டார். எனக்கே ஆச்சரியம்.

அவர் வீட்டு பேஸ்மென்ட். குளிர், ஆயில் வாசனை, சுவர் முழுக்க டப்பா டப்பாவா ஸ்க்ரூ. மூலைல ஒரு பழைய மெஷின், மூடியைத் திறந்து போட்டிருந்தார். 1970-கள்ல செஞ்சது. அதுக்குள்ள கம்ப்யூட்டர் கிடையாது, சிப் கிடையாது, எல்லாமே ரிலே, ஒயர், மோட்டார். அன்னிக்கு அது ஓடல, பாதி வேலைல நின்னுச்சு. அவரோட மனைவி காபி கொண்டு வந்து வச்சுட்டு மேல போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் பேசினோம். பேசினோம்னு சொல்றேன், அதுல பாதிக்கு மேல மௌனம். அவர் ஒரு வார்த்தைக்காக நிப்பார், கண்ணை மூடுவார், விரலை அசைப்பார். என் கோ-ஹோஸ்ட் ரெண்டு மூணு தடவை வார்த்தை எடுத்துக் கொடுத்தான். ஒரு தடவை மெக்கானிக் கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். அதோட அர்த்தம் அன்னிக்கு எனக்குப் புரியல. இப்படி எனக்குப் புரியாதது அன்னிக்கு நிறைய.

வீட்டுக்கு வந்து எடிட் பண்ண உட்கார்ந்தேன். ஆடாசிட்டில ட்ரங்கேட் சைலன்ஸ்னு ஒரு வசதி இருக்கு. அரை நொடிக்கு மேல இருக்கிற மௌனத்தை எல்லாம் அதுவே தேடிப் பிடிச்சுச் சுருக்கிடும். அதை ஓட்டினேன். மிச்சத்தைக் கையால வெட்டினேன். ஒரு இடம் நல்லா ஞாபகம் இருக்கு. பழைய மெஷின்ல ஸ்கோர் எப்படி ஏறும்னு கேட்டிருந்தேன். அவர் ஆரம்பிச்சார், நின்னுட்டார். 22 நொடி. திரையில நீளமா ஒரு தட்டைக் கோடு. நடுவுல மேஜைல விரலால தட்டற சத்தம், டக் டக் டக் டக் டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக் டக் டக் டக் டக். அப்புறம், "ஸ்கோர் மோட்டார்"னு சொன்னார். நான் அந்தத் தட்டலை மைக் மேஜைல இருந்ததால வந்த இரைச்சல்னு நினைச்சேன். கேள்வியோட கடைசி வார்த்தையையும் "ஸ்கோர் மோட்டார்"-ஐயும் ஒட்ட வச்சேன். ஒட்டின இடம் தெரியவே தெரியாது. அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு நானே எனக்கு ஷொட்டு கொடுத்துக்கிட்டேன்.

41 நிமிஷ எபிசோட். அருவி மாதிரி பேசறார் மனுஷர். பார் ஓனர்களோட சண்டை, வேன்ல சில்லறை மூட்டை, பனியில ரோட்டோரம் நின்னு ஒயர் பத்த வச்ச கதை. எங்க பாட்காஸ்ட்லயே அதிகம் பேர் கேட்டது அதுதான், அறுநூறு தாண்டுச்சு. எங்கெங்கயோ இருந்து மெயில் வந்துச்சு.

செவ்வாய்க்கிழமை பாருக்குப் போறேன். மெக்கானிக் வந்திருந்தார். நான் போய், "எப்படி இருந்துச்சு?"னு கேட்டேன், பாராட்டு வாங்கத் தயாரா. அவர் பேசினதை இங்கிலீஷ்ல இருந்து சொல்றேன். "நல்லா இருந்துச்சு"ன்னார். அப்புறம் நின்னார். நான் காத்திருந்தேன். "ஆனா அது... யாரு?"

சிரிச்சார்னு நினைச்சு நானும் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

அன்னிக்கு ராத்திரி அவர் மனைவிக்கு போன் பண்ணினேன். அவங்க கோபமா பேசல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அவங்க சொன்னது இது: "லீக்ல எல்லாரும் அவர் வாயில இருந்து வார்த்தையைப் பிடுங்கிடறீங்க. நல்ல மனசுலதான். அவர் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் போறார். தானா ஒரு வாக்கியத்தை முடிக்க முடியும்னு உங்க எல்லாருக்கும் கேட்க வைக்கணும்னுதான் ஒத்துக்கிட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் முடிப்பேன்னு. நானே அவர் வாக்கியத்தை முடிக்காம இருக்கக் கத்துக்க ஒரு வருஷம் ஆச்சு."

அவர் எதுக்காக வந்தாரோ அதை மட்டும் எடுத்து வெளிய போட்டுட்டு மிச்சத்தை வச்சிருக்கேன். எபிசோடைக் கேட்டவங்க அறுநூறு பேரும் நல்லா இருக்குன்னாங்க. ஒருத்தருக்கு மட்டும்தான் அது பொய்னு தெரியும்.

சரி, முழு ரெக்கார்டிங்கையும் அப்படியே போட்டுடலாம்னு ஓடினேன். ரெண்டு மெமரி கார்டுல எடுத்திருந்தோம். முதல் கார்டை அடுத்த வாரப் பேட்டிக்காக அழிச்சு, மேலேயே ரெக்கார்ட் பண்ணிட்டேன். லேப்டாப்ல இருந்தது ட்ரங்கேட் சைலன்ஸ் ஓட்டினதுக்கு அப்புறம் சேமிச்சது. ரெண்டாவது கார்டுல ஐம்பது நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. அந்த 22 நொடி முதல் கார்டுல இருந்தது. இப்போ எங்கயும் இல்ல. ஒரிஜினலை அழிக்காதேன்னு பாட்காஸ்ட் ஆரம்பிக்கிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லுவாங்க, நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். ஹார்ட் டிஸ்க் என்ன விலைன்னு அப்புறம் பார்த்தேன். அதைப் பத்திப் பேச வேண்டாம்.

அந்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்றதுன்னு கார்ல ஒத்திகை பார்த்துட்டே போனேன். மன்னிப்பு கேட்டேன். ரெக்கார்டிங் அழிஞ்சு போச்சுன்னும் சொன்னேன். மறுபடி ஒரு தடவை பேசறீங்களான்னு கேட்டேன். "இல்ல"ன்னார், இது டக்குனு வந்துச்சு. அப்புறம் கையைக் காட்டி பேஸ்மென்ட்டுக்குக் கூப்பிட்டார்.

அந்தப் பழைய மெஷின் மூடிப் போட்டு, விளக்கு எரிஞ்சுட்டு நின்னுச்சு. சரி பண்ணியிருந்தார். பட்டனைக் காட்டினார், ஆடச் சொன்னார். நான் ஆடினேன். ஒரு டார்கெட்ல பட்டுச்சு, 500 புள்ளி. உள்ள ஏதோ "கிர்ர்"னு சுத்துச்சு. மணி அடிச்சுது: டிங் டிங் டிங் டிங் டிங். அஞ்சு. ஸ்கோர் சக்கரம் ஒவ்வொரு மணிக்கும் நூறு நூறா அஞ்சு தடவை நகர்ந்துச்சு.

இதுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. கம்ப்யூட்டர் இல்லாத மெஷினுக்கு 500-னு கூட்டத் தெரியாது. நூறை ஒரு தடவை ஏத்த மட்டும்தான் தெரியும். அதனால 500 வேணும்னா ஒரு மோட்டார் சுத்தும். அது சுத்தறப்போ அதுல இருக்கிற மேடு பள்ளங்கள் ஸ்விட்சை அஞ்சு தடவை தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மணி, ஒரு நூறு. அதுதான் ஸ்கோர் மோட்டார். மெஷினோட இதயம்னே சொல்லலாம், மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்லுவாங்க.

அவர் மெஷின் ஓரத்துல விரலால தட்டினார். டக் டக் டக் டக் டக். என்னைப் பார்த்தார்.

அன்னிக்கு அந்த 22 நொடில அவர் சும்மா இல்ல. வார்த்தை வரல, அதனால முதல்ல அந்த மோட்டாரையே வாசிச்சுக் காட்டியிருக்கார். ரெண்டு தடவை. எனக்குப் பதில் சொல்லி முடிச்சுட்டுத்தான், அதுக்கு இங்கிலீஷ் பேரைத் தேடி எடுத்திருக்கார். நான் இரைச்சல்னு வெட்டினது பதிலை.

நான் அங்கயே நின்னுட்டேன். பந்து வடிகால்ல போயிடுச்சு. அவர், "உன் பந்து"ன்னு காட்டினார். இன்னும் ரெண்டு பந்து பாக்கி இருந்துச்சு. ஆடி முடிச்சேன். ரொம்ப மோசமான ஸ்கோர்.

அப்புறம் அவர் என் பையைக் காட்டினார். ரெக்கார்டர் எப்பவும் அதுலதான் இருக்கும்னு அவருக்குத் தெரியும். வெளிய எடுத்து மெஷின் மேல வச்சேன். பேட்டி வேண்டாம்னவர், மூடியைத் திறந்து வேலை செய்ய ஆரம்பிச்சார். ஒரு ஃப்ளிப்பர் கொஞ்சம் மந்தமா இருந்துச்சாம். அரத்தால கான்டாக்ட்டைத் தேய்க்கிற சத்தம், சின்னதா, பூனை நக்கற மாதிரி. மூச்சு. ஸ்க்ரூ டிரைவர் கீழ விழுந்து உருண்டது. மேல அவர் மனைவி நடக்கிற சத்தம். நடுநடுவே ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. ஒரு முழு வாக்கியம் சொன்னார், ஒரே ஒரு வாக்கியம். அதுக்கு முப்பது நொடிக்கு மேல ஆச்சு. நான் வாயைத் திறக்கல. அது என்ன வாக்கியம்னு இங்க சொல்லப் போறதில்ல, அந்த எபிசோட்ல இருக்கு.

பதினேழு நிமிஷம். ஒரு இடத்துலயும் கை வைக்காம அப்படியே போட்டோம். பழைய எபிசோடை எடுத்துடவான்னு அவர்கிட்ட கேட்டேன், "இருக்கட்டும்"னுட்டார். ஆனா அதோட முன்னாடி என் குரல்ல ஒரு நிமிஷம் சேர்த்திருக்கேன், இதுல எதை எல்லாம் வெட்டினேன்னு. பதினேழு நிமிஷ எபிசோடை நூத்திப் பத்து பேர் கேட்டாங்க. நாலு பேர் மெயில் போட்டாங்க, "உங்க ஆடியோ நடுவுல கட்டாகுது, செக் பண்ணுங்க"ன்னு. கட்டாகல, அவர் யோசிக்கிறார்னு பதில் போட்டேன். என் கோ-ஹோஸ்ட்டுக்கு இந்த எபிசோட் இன்னிக்கு வரைக்கும் பிடிக்கல. ரேடியோல இதைப் போட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கங்கிறான். அவன் சொல்றதும் தப்பில்ல.

லீக்ல பெரிய மாற்றம் வந்துச்சுன்னு சொன்னா அது பொய். சில பேர் இன்னும் வார்த்தை எடுத்துக் கொடுக்கறாங்க. நானே ரெண்டு தடவை கொடுத்துட்டேன், நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அந்த பஸ் டிரைவர் மட்டும் ஒரு வழக்கம் வச்சிருக்கார். மெக்கானிக் பேச ஆரம்பிச்சா இவர் தன் பீர் கிளாஸைக் கீழ வச்சுடுவார். முடிக்கிற வரைக்கும் தொட மாட்டார்.

எடிட்டிங் நான் இப்பவும் பண்றேன், என்னோட "அம்ம்" எல்லாத்தையும் வெட்டறேன். மத்தவங்களோடதை வெட்டறதுக்கு முன்னாடி கேட்டுடறேன். எனக்கு இந்த எபிசோட் பண்ற தம்பி, தங்கச்சிங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். நடுவுல நான் எங்கயாவது நின்னிருந்தா, பேசாம விட்டுடுங்கப்பா.

சரி, இங்க மணி ஆறாகப் போகுது. செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு லீக், வெளிய பனி கொட்டுது, இன்னும் கார் கண்ணாடியைச் சுரண்டணும். இன்னிக்கு என் குரூப்ல மெக்கானிக்கும் இருக்கார்னு மெசேஜ் வந்திருக்கு. போன வாரம் அவர் என்னை ஜெயிச்சுட்டார். வரேன்.